மண்கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

மண்வளத்தை மீட்டெடுக்கும் மீளுருவாக்க வேளாண்மையைப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் பருவத்திலேயே ஓர் எளிய சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. அடிக்கடி உழப்படும் வயலிலிருந்தும், பல ஆண்டுகளாக உழாமல் மூடாக்கிட்ட (இலைதழை, வைக்கோலால் மண்ணை மூடிய) வயலிலிருந்தும் ஒரே வகை மண்ணில் ஒவ்வொரு கட்டியை எடுத்து, நன்கு உலர்த்தி (ஈரக் கட்டி முடிவைத் திரித்துவிடும்), கம்பி வலையில் வைத்துத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளைகளில் மூழ்கவிடுங்கள். முதல் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களில் உதிர்ந்து நீரைக் கலக்கிவிடும்; வேர்களும் பூஞ்சை இழைகளும் பிணைத்த இரண்டாவது கட்டி அவ்வளவு எளிதில் குலையாது. மண்ணை ஆய்வகத்தில் சோதித்தால், அறிக்கையில் இருப்பது கரிமக் கார்பனா, அதை உள்ளடக்கிய மொத்தக் கரிமப் பொருளா என்பதையும் கவனியுங்கள்; கரிமப் பொருளின் அளவைக் கணக்கிடக் கார்பனை 1.724 ஆல் பெருக்குவது பழைய வழக்கமே தவிர, எல்லா மண்ணுக்கும் அது பொருந்துவதில்லை.