தசைச் செல்லின் வரவுசெலவு: ஒரு தாளில் வரைந்து புரிந்துகொள்வோம்

நொதி (செல்லில் வினையை வேகப்படுத்தும் புரதம்), வளர்சிதைப் பொருள் (அந்த வினைகளில் உருவாகி மாறும் பொருள்) என்று படித்துக் குழம்பியவரா? தாளும் பென்சிலும் எடுங்கள். தசைச் செல் குளுக்கோஸை உடைக்கும் பாதையை வரைவோம்.

படி 1: குளுக்கோஸ் → குளுக்கோஸ்-6-பாஸ்பேட் → ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட் → ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் → … → பைருவேட். மொத்தம் 10 வினைகள். புள்ளி வைத்ததை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் அம்பின் மேல் ஹெக்ஸோகைனேஸ், மூன்றாவதின் மேல் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்று அந்த வினைகளின் நொதிகளை எழுதுங்கள்.

படி 2: குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து ஹெக்ஸோகைனேஸுக்கு ஒரு கோடு இழுத்து, கழித்தல் குறி போடுங்கள். தான் செய்த சரக்கு தேங்கினால் அந்த நொதி மந்தமாகும்.

படி 3: இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. செல்லின் எரிபொருள் அடினோசின் ட்ரைபாஸ்பேட். குளுக்கோஸை உடைப்பதே இதைத் தயாரிக்கத்தான். அதில் ஒரு பாஸ்பேட் போனால் டைபாஸ்பேட், இன்னொன்றும் போனால் மோனோபாஸ்பேட். (சுருக்கமாக ஏடிபி என்று எழுதலாம்தான், தமிழில் ட்ரையும் டையும் ஒன்றாகிவிடும்! ஆகவே ட்ரை, டை, மோனோ என்றே வைத்துக்கொள்வோம்.)

பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் வேலை செய்ய ட்ரை வேண்டும். ஆனால் ட்ரை அதிகமானால், அதே நொதியின் வேறொரு இடத்தில் போய் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். மோனோ அந்தத் தடையை நீக்கும். ட்ரைக்குக் கழித்தல், மோனோவுக்குக் கூட்டல் குறி போடுங்கள்.

படி 4: மோனோ எதற்கு, ட்ரை குறைவதே போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் எளிமைக்காக நான் வைத்தவை: ட்ரை 5000, டை 1000, மோனோ 100. மாடிப்படி ஏறுகிறீர்கள், 1000 ட்ரை செலவாகி டை ஆகிறது. உடனே அடினைலேட் கைனேஸ் என்ற நொதி, புதிதாக வந்த டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு ட்ரை, ஒரு மோனோ ஆக்குகிறது. முடிவில் ட்ரை 4500, டை 1000, மோனோ 600. ட்ரை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது, மோனோவோ ஆறு மடங்கு! சின்னச் செலவைக்கூட நொதி கவனிப்பது இதனால்தான்.

படி 5: சரி, ஏறி முடித்து உட்கார்ந்துவிட்டீர்கள். இப்போது படத்தை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ட்ரை மீண்டும் நிறைகிறது, மோனோ வற்றுகிறது, பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் மந்தமாகிறது. ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட் தேங்குகிறது, இரண்டாவது அம்பு இருபுறமும் ஓடக்கூடியது என்பதால் அது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாகத் திரும்புகிறது. அப்புறம் படி 2-இல் போட்ட கழித்தல் குறி வேலையைத் தொடங்கும். தேங்கியதில் ஒரு பகுதி கிளைக்கோஜனாகச் சேமிப்புக்குப் போகும். அதற்கு இன்னொரு தாள் வேண்டும்.