பனியாறு ஏன் வளர்கிறது, ஏன் தேய்கிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. செய்திகளில் ‘பனிப்பாறை’ என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. கடலில் மிதந்து வந்து கப்பலை முட்டுவதும் பனிப்பாறை. இமயமலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கங்கோத்ரியும் பனிப்பாறை. பாறை என்றதும் அசையாத ஒரு கட்டிதான் மனக்கண்ணில் தோன்றுகிறது. வெயில் ஏறினால் கரையும், குளிர் ஏறினால் பெருகும் என்று அத்தோடு முடித்துவிடுகிறோம்.

பாடநூல்களில் உள்ள ‘பனியாறு’ என்ற சொல்லையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே ஓடுகிறது. உச்சியில் விழும் வெண்பனி ஆண்டுக்கணக்கில் அமுங்கி இறுகிப் பனிக்கட்டியாகிறது. தன் எடையாலேயே சரிவில் நகர்ந்து, தாழ்வான இடத்துக்கு வந்து உருகுகிறது. மேலே வரவு, கீழே செலவு. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும் உயரத்துக்குச் சமநிலைக் கோடு என்று பெயர். காலநிலை மாறும்போது முதலில் ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கோடுதான். பனியாற்றின் நீளம் மாறுவதெல்லாம் பிறகு நடப்பது.

வரவை மறந்தவர்கள் குளிரை மட்டும் பார்க்கிறார்கள். கடுங்குளிர் இருந்தால் பனியாறு தானாக வளர்ந்துவிடாது; பனி பொழிய வேண்டும், பொழிய ஈரம் வேண்டும். பூமியின் பெரும்பகுதி குளிர்ந்து கிடந்த கடந்த பனியூழியின் உச்சத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியைப் பனிப்படலம் மூடியிருந்தபோது, வடகிழக்குச் சைபீரியாவின் பெரும்பகுதி பனிப்படலம் இல்லாமலேயே கிடந்தது. அங்கே குளிருக்குக் குறைவில்லை, காற்றில் ஈரம்தான் இல்லை. நார்வேயின் பிரிக்ஸ்டால் பனியாறு 1990-களில் முன்னேறியதற்குக் காரணம் அட்லாண்டிக் ஈரக்காற்று கொட்டிய குளிர்காலப் பனி. 2000-க்குப் பிறகு அதே பனியாறு வேகமாகப் பின்வாங்கியது.

இதைக் கேட்டதும் எதிர்த்திசைக்குத் தாவி, எல்லாவற்றையும் பனிப்பொழிவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நியூசிலாந்தில் 1983-க்கும் 2008-க்கும் இடையே குறைந்தது 58 பனியாறுகள் முன்னேறின. கூடுதல் பனிப்பொழிவே காரணம் என்று நெடுநாள் கருதப்பட்டது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வட்டாரத்தில் மட்டும் அப்போது நிலவிய குளிர்ச்சியே முதன்மைக் காரணம் என்று காட்டியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் சில ஆண்டுகள் குளிர்ந்திருக்க முடியும். அதை உலகம் குளிர்கிறது என்பதற்குச் சான்றாக நீட்டுவது தவறு. அந்த முன்னேற்றத்தையே மறைப்பதும் தவறு.

எந்தப் பருவத்தில் வெப்பம் ஏறுகிறது என்று கேட்காமல் விடுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய பிழை. ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் சேமிக்கும், கோடை செலவழிக்கும். நடு, கிழக்கு இமயமலையில் அப்படியில்லை. பருவமழை கோடையில் வருவதால் பனி சேர்வதும் உருகுவதும் ஒரே மாதங்களில் நடக்கின்றன. வெப்பநிலை சற்றே ஏறினாலும் வெண்பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து ஓடிவிடுகிறது; வரவு அங்கேயே போயிற்று. இழப்பு அதோடு நிற்பதில்லை. புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். வெற்றுப் பனிக்கட்டி அதில் பாதியைக்கூட அனுப்பாது. மேலே வெள்ளைப் போர்வை விழாத நாளெல்லாம் அடியில் உள்ள பனிக்கட்டி வெயிலை உறிஞ்சுகிறது. ஒரே வெப்ப உயர்வு வரவையும் குறைத்து, செலவையும் கூட்டுகிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

அடுத்தது, நுனியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. பனியாற்றின் நுனி இந்த ஆண்டு எங்கே நிற்கிறது என்பது இந்த ஆண்டின் செய்தி அன்று. செங்குத்தான சிறிய பனியாறு சில ஆண்டுகளில் மாற்றத்தைக் காட்டும்; ஆல்ப்ஸின் மிக நீளமான அலெட்ச் போன்றவற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வெப்ப உயர்வு இன்றே நின்றாலும் அலெட்ச் இன்னும் நெடுங்காலம் சுருங்கும். எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பனியாற்றின் கீழ்ப்பகுதியைக் கல்லும் மண்ணும் மூடியிருக்கின்றன. மெல்லிய தூசி உருகலை விரைவுபடுத்தும். தடித்த கற்போர்வை தடுக்கும். அதனால் நுனி பெரிதாக நகராமல் நிற்க, உடல் மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. காரகோரம் மலைகளில் சில பனியாறுகள் சில மாதங்களிலேயே கிலோமீட்டர் கணக்கில் பாய்வதும் உண்டு. அடித்தளத்தில் நீர் தேங்கி வழுக்குவது போன்ற உட்காரணங்களால் மேலிருந்த பனி கீழே இறங்குகிறது. நீளம் கூடுகிறதே தவிர, எடை கூடவில்லை. இந்தப் பாய்ச்சலைப் படம்பிடித்து ‘பனியாறு வளர்கிறது’ என்று பரப்புவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மிகைப்படுத்துவதும் அதே அளவு கேடு செய்கிறது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2007-இல் வெளியிட்ட அறிக்கை, இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்றது. அதற்கு ஆதாரம் இல்லை என்று 2010 ஜனவரியில் அக்குழுவே ஒப்புக்கொண்டது. அந்த ஒரு வரி, சரியான தகவல்களின் மீதும் ஐயத்தைக் கிளப்பிவிட்டது. உண்மை நிலவரத்துக்கு மிகையே தேவையில்லை. 2000 முதல் 2023 வரை உலகப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்தன. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022-இல் 6 விழுக்காடும் 2023-இல் 4 விழுக்காடும் கரைந்தன.

“முன்பும் உருகியதே” என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சில நூற்றாண்டுகள் நீடித்த குளிர்ந்த காலமான சிறு பனிக்காலம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிந்தபோது தொடங்கிய பின்வாங்கலில் இயற்கையின் பங்கு பெரிது. 1851 முதல் 2010 வரையிலான இழப்பில் மனிதச் செயல்களின் பங்கு ஏறத்தாழ கால்வாசி என்று 2014-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வு 1991–2010 காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டபோது அந்தப் பங்கு மூன்றில் இரண்டாக உயர்ந்தது. முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் இரண்டாவது எண்ணை மறைக்கிறார்கள்.

இன்னொன்று, பனியாறு ஊட்டும் ஆற்றில் தண்ணீர் கூடுவதைக் கண்டு ஆறுதல் அடைவது. பனியாறு தேயத் தொடங்கும்போது ஆறு சில காலம் பெருகத்தான் செய்யும், ஏனென்றால் ஓடிவருவது பழைய சேமிப்பு. பிறகு ஓர் உச்சத்தைத் தொட்டு, உருகுவதற்குப் பனி போதாமல் குறைய ஆரம்பிக்கும். பெரு நாட்டின் கார்டில்லேரா பிளாங்கா மலைத்தொடரில் பல ஆற்றுப்படுகைகள் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டன. அங்கே வறண்ட மாதங்களில் வரும் நீர் இப்போதே குறைந்துவருகிறது.