வில்லுக்கு ஓசேஜ் ஆரஞ்சு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் இது முசுக்கட்டை, பலா குடும்பத்து மரம். கிளையை ஒடித்தால் பால் வடியும். வைரமும் (தண்டின் உள்பக்கக் கெட்டி மரம்) பலாவைப் போல மஞ்சள்தான். தாயகம் அமெரிக்காவில் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சாவை ஒட்டிய ரெட் ஆற்றுப் பகுதி. அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'வில் மரம்' என்ற பொருளில் 'புவா தார்க்' என்று பெயர் வைத்தார்கள். 1874-ல் காப்புரிமை பெற்ற முள்கம்பி பரவும் வரை புல்வெளி விவசாயிகளுக்கு இதுவே உயிர்வேலி. இன்று நடக்கும் தவறுகளில் பாதி அந்த வேலிப் பழக்கத்தின் மிச்சம். வேலிக்கு முள்ளும் கோணலும் நல்லது. வில்லுக்கோ, தரையிலிருந்து 2 மீட்டருக்கு நேரான, கணு இல்லாத தண்டு வேண்டும்.

முதல் தவறு விதையிலேயே நடக்கிறது. கீழே கிடக்கிற காயை எடுத்து வருவதற்கு முன் தாய்மரத்தின் பட்டையைப் பாருங்கள். வெடிப்புக் கோடுகள் தண்டைச் சுற்றி ஏறினால் உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டிருக்கும். இந்தக் குணம் ஓரளவு பரம்பரையாகவும் வரும் என்பதால் அந்தக் காய் வேண்டாம். விதையை அப்படியே விதைப்பதும் வீண். 2 நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அல்லது ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் 30 நாள் வையுங்கள்.

நாற்றைச் சின்னப் பையில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். நடும்போது குழி ஆழம் போதாமல் வேர் கொக்கி போல மடங்கினாலும் இதே கதைதான். வேர் நீளத்துக்குக் குழி எடுங்கள். முதல் 3 வருஷம் நாற்றைச் சுற்றி 1 மீட்டர் வட்டத்தில் புல் வரவிடாதீர்கள். மண்ணின் மேல் போடும் இலைதழை மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் எலி உள்ளே ஒளிந்து பட்டையைக் கடிக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது கோணலைக் கையாள்வதில். இந்த மரத்தின் குருத்து நுனியில் உண்மையான நுனிமொட்டு கிடையாது. வருஷா வருஷம் நுனி காய்ந்து, கீழே இருக்கிற பக்கமொட்டு தலைமையை எடுத்துக்கொள்ளும். எனவே வளைந்து வளைந்து போவது இதன் சுபாவம். குச்சி நட்டு இறுக்கிக் கட்டிப் பயனில்லை. நாற்றை 2, 3 வருஷம் விட்டு வேர் பிடிக்கவைத்து, பனிக்காலக் கடைசியில் மொட்டு விடுமுன் தரையோடு வெட்டுங்கள். வளர்ந்த வேரின் பலத்தில் மறுதாம்பு (வெட்டிய அடியிலிருந்து வரும் புதுத் துளிர்கள்) விறுவிறுவென்று நேராகக் கிளம்பும். அதில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அந்தக் கோடையிலேயே கிள்ளிவிடுங்கள். நன்றாக வளரும் செடியை வெட்ட மனம் வராதுதான்.

பக்கக்கிளையைப் பெருக்கவிட்டு வெட்டுவதும் கூடாது. பென்சில் கனத்திலேயே கவாத்து செய்தால் கணு தண்டின் நடுவோடு நின்றுவிடும். வில் வெளிப்பக்க வைரத்திலிருந்து எடுக்கப்படுவதால் அது பாதிப்பதில்லை. கட்டைவிரல் கனம் தாண்டினால் கணு வெளிவரை வரும். வில் ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். அதற்காக ஒரே மூச்சில் மொட்டையடித்தாலும் ஆபத்து. இலைத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தண்டெங்கும் துளிர் வெடித்து, ஒவ்வொன்றும் ஒரு ஊசிக் கணுவாக உறையும். தடித்த கையுறை போடுங்கள். முள் ஒருபக்கம், சிலருக்குப் பால் பட்டால் தோல் தடிக்கும்.

நிழலில் நட்டால் மெதுவாக வளர்ந்து கெட்டியாகும் என்பது தவறான கணக்கு. இந்த மரத்தின் ஒவ்வொரு வருஷ வளையத்திலும் வசந்தத்தில் துளை நிறைந்த ஓர் அடுக்கும், கோடையில் கெட்டியான ஓர் அடுக்கும் உருவாகும். வளர்ச்சி குன்றினால் மெலிவது கெட்டி அடுக்குதான். 1.5 மீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டு, தலைகள் முட்டிக்கொள்ளும்போது கோணலானவற்றைக் களைந்து 3 மீட்டராக்குங்கள். வருஷம் 4 மி.மீ. வளையம் வைத்தால் 20 செ.மீ. விட்டத்துக்கு 25 வருஷம்.

வெட்டிய பிறகும் மரத்தைக் கெடுக்கலாம். பட்டையோடு போட்டுவைத்தால் துளைப்பான் வண்டு புகும். பட்டையும், அதற்கும் வைரத்துக்கும் நடுவே உள்ள வெளிறும் எடுத்துவிட்டு, வைரத்தைத் திறந்தபடி வெயிலில் காயவிட்டால் வெடிக்கும். குளிர்காலத்தில் வெட்டி, உடனே பிளந்து, இரு முனைகளிலும் பசையோ மெழுகோ தடித்துப் பூசி, வெளிறை நீக்கிய வெளிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள்.