கொடைக்கானல் குளிருக்குப் பட்டர் பீன்ஸ், உப்புக்கண்டம் சூப்

இந்த சூப்பில் பீன்ஸையும் கறியையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் தளதளவென்று கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மதுரையில் திறந்த பாத்திரத்தில் குழைந்துவிடுகிற காய்ந்த பட்டர் பீன்ஸ், இங்கே தோல் உரிந்த பிறகும் நடுவில் நறுக்கென்று கடிபடும். அதனால் பீன்ஸுக்குக் குக்கர், கறிக்குத் தனிச் சட்டி.

முதலில் கறி. எங்கள் வீட்டு உப்புக்கண்டம் வெயிலில் மட்டும் காய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூட்டமும்தான், வெயிலை எங்கே தேடுவது? எலும்பில்லாத ஆட்டுக்கறியை விரல் தடிமனுக்கு நீளமாக வெட்டி, கிலோவுக்கு 100 கிராம் கல் உப்பும் மஞ்சள் தூளும் பிசறி, ஒரு இரவு வைத்துக் கயிற்றில் கோத்து, விறகடுப்புக்கு மேலே கட்டிவிடுவார் அம்மா. நானும் அப்படித்தான் செய்கிறேன். வளைத்தால் ஒடிகிற பதம் வரும்வரை தொங்க வேண்டும். விறகு விஷயத்தில் நான் கண்டிப்பு. சீகை மர விறகு நல்லது. தைல மரம் எரித்தால் கறியில் மருந்து வாடை ஏறும், பைன் எரித்தால் அதன் பிசின் புகை கசக்கும். அடுப்பு இல்லாதவர்கள் கடையில் கிடைக்கும் புகை போட்ட பன்றிக்கறி வாங்கலாம், ருசி வேறு, ஆனாலும் நன்றாகவே இருக்கும்.

நாலு பேருக்கு 200 கிராம் பட்டர் பீன்ஸ், 150 கிராம் உப்புக்கண்டம் போதும். பீன்ஸை முந்தின ராத்திரியே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் போட்டால் சரியாக ஊறாது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் பாதிக்கு மேல் போகாமல் வையுங்கள், நுரை ஏறி வெயிட்டை அடைக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம். பட்டர் பீன்ஸுக்குப் பதில் ராஜ்மா போடுகிறவர்கள் அதைத் திறந்த சட்டியில் சிறுதீயில் வேகவிடவே கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற நச்சு வாந்தி, பேதி கொண்டுவரும்.

உப்புக்கண்டத்தை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி அலசுங்கள். உப்பு இறங்கினால்தான் சூப் வாயில் வைக்க முடியும். சிறு துண்டுகளாக்கி, கொஞ்சம் நல்லெண்ணெயில் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி, ஒரு முழு மலைப்பூண்டு இவற்றோடு வதக்குங்கள். புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது நம் மலைப்பூண்டுக்கு. காரமும் மணமும் கூடுதல், அதனால் சமவெளிப் பூண்டு என்றால் இரண்டு மடங்கு போடுங்கள். ஒரு மட்டன் எலும்பும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் சேர்த்து மூடி, கறி மெத்தென்று ஆகும்வரை சிறுதீயில் விடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அவசரம் என்றால் இதையும் இன்னொரு குக்கரில் வையுங்கள்.

அப்புறம் வெந்த பீன்ஸை அதன் தண்ணீரோடு கறிச் சட்டியில் ஊற்றி, கேரட், உருளைக்கிழங்கு போட்டு, அவை வெந்ததும் இரண்டு தக்காளி. தக்காளியை அதற்கு முன்னால் போடாதீர்கள், புளிப்பு பட்டால் பீன்ஸும் கிழங்கும் வேக மறுக்கும். ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலக்கினால் சூப் தானே கெட்டியாகும், சோள மாவு வேண்டாம். மிளகு, சீரகம் இடித்துத் தூவி, உப்பைக் கடைசியில் பாருங்கள். பெரும்பாலும் உப்பே போட வேண்டியிருக்காது.

சுடுசோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், ரொட்டியைத் தொட்டும் சாப்பிடலாம். மீந்தால் மறுநாள் இறுகிப்போய் இருக்கும், வெந்நீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள்.