நாள்பட்ட நாரி நோ: எவ்வளவு அசைவது, எப்படி அசைவது

நாரி நோவோடு, அதாவது கீழ்முதுகு வலியோடு, சிறுநீர் அடைபடுகிறதா, அல்லது அறியாமல் போகிறதா? தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துவிட்டனவா? கால் வலுவிழந்து இழுபடுகிறதா? அப்படியென்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாத மெலிவு, விழுந்தபின் தொடங்கிய நோ, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் நோ எல்லாவற்றையும் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மற்றப்படி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாரி நோவில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பான ஒரு காரணத்தைச் சொல்ல முடிவதில்லை. நொந்தால் ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை. பயந்து கட்டிலில் கிடந்தால்தான் தசை வலுவிழந்து, நாரி இன்னும் விறைக்கும்.

விடிய எழும்பும்போது நேராக நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டபடி கையை ஊன்றி எழும்புங்கள். கொஞ்ச நேரம் நடமாடி உடம்பு சூடான பிறகு நிலத்தில் பாயை விரியுங்கள். மெத்தையில் செய்தால் இடுப்பு புதைந்துவிடும்.

மல்லாந்து படுத்து இரு முழங்காலையும் மடக்குங்கள். நாரிக்கும் பாய்க்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தால் ஒரு இடைவெளி தெரியும். வயிற்றை மெதுவாக உள்ளிழுத்து அந்த இடைவெளியை மூடுங்கள். 5 விநாடி அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள், 10 தடவை. பலர் இதில் மூச்சை அடக்கிக்கொண்டு, பாதத்தால் நிலத்தை உதைத்து இடுப்பைத் தூக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வேலை காலுக்குப் போய்விடும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது.

அடுத்து, ஒரு தொடையைப் பின்பக்கமாகப் பிடித்து நெஞ்சை நோக்கி இழுத்து 15 முதல் 20 விநாடி. காலுக்கு மூன்று தடவை. முழங்காலுக்கு மேலே கைகோத்து இழுத்தால் முழங்கால் நோகும். கடைசியாக, மடக்கிய இரு காலையும் சேர்த்து இடமும் வலமும் மெல்லச் சாய்த்து எடுங்கள், பக்கத்துக்கு ஐந்து போதும். நோ நாரியில் நிற்காமல் காலுக்கு இறங்கினால் அந்த அசைவை விட்டுவிடுங்கள்.

அளவில்தான் அநேகர் பிழைவிடுகிறார்கள். நோ குறைந்த நாளில் முற்றம் கூட்டி, உடுப்புத் தோய்த்து, தேங்காய் துருவி எல்லாவற்றையும் முடிப்பார்கள். அடுத்த இரண்டு நாள் எழும்ப முடியாது. நடக்கத் தொடங்கி 15 நிமிடத்தில் நோ கூடுகிறதென்றால் 10 நிமிடத்தில் நில்லுங்கள். நல்ல நாளிலும் அதே 10, நோ கூடிய நாளிலும் முடிந்தவரை அதே 10. ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். மறுநாளும் நோ கூடுதலாகவே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலையடிக்கும் சரிவில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்திருக்கும், இடுப்பும் அந்தப் பக்கம் சாயும். காய்ந்த மணலில் கால் புதையும். சரிவில்லாத ஈரமணல் கிடைக்காவிட்டால் தார்வீதியே நல்லது.

குசினியில் நிலத்தில் இருந்துகொண்டு தேங்காய் துருவுவதை மேசைக்கு மாற்றுங்கள். வாளித் தண்ணீரை ஒரு கையில் நிறையத் தூக்காமல் இரு கையிலும் அரைவாசி அரைவாசியாகத் தூக்குங்கள்.

சுடுதண்ணீர்ப் பையைத் துவாயால் சுற்றி 15 நிமிடம் வைத்தால் இறுக்கம் தளரும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைத் தாங்களே மதிப்பிடக் கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பதும் அதே இதத்தைத் தரும். ஆனால் கிணற்றுக்குள் குனிந்து குனிந்து அள்ளுவது நாரிக்குக் கேடு, கூடப் போனவரை ஊற்றச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்று. நோக் குளிசையை பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். பிரஷரோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஒன்றுகூடப் போடக் கூடாது.