தேரி மணலில் ஜிம்னி: டயர் சைஸும் காற்றும்

கடையில் சொன்னார்களென்று என் மாருதி ஜிம்னி ஜீப்பின் 195/80 ஆர்15 சைஸ் டயர்களைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய 235/75 ஆர்15 மாட்டினேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் கரகரவென்று உரசியது. டயர் விட்டம் 693-லிருந்து 733 மி.மீ. ஆகிவிட்டதே! ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ஐத் தொட்டது, பிக்கப்பும் குறைந்தது. இப்போது 215/75 ஆர்15. உரசல் இல்லை, எனக்கு இதுவே போதும்.

ஆனால் திருச்செந்தூர் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், வண்டி புதைந்ததற்குக் காரணம் டயர் சைஸ் அல்ல, டயரிலிருந்த காற்றின் அழுத்தம். 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தபடியே செம்மணலில் இறங்கிவிட்டேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்தது. வால்வு முள்ளைக் குச்சியால் அழுத்தி, நான்கையும் 18-க்கு இறக்கினேன். டயர் நீளவாக்கில் மணலில் படிந்தது. லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் அமைப்பு), இரண்டாவது கியர், பதமாக மிதித்தேன், ஏறிவிட்டது. அந்தக் காற்றில் சடாரென்று திருப்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும், கவனம். தார்ச்சாலையைத் தொடுமுன் கையோடு கொண்டுபோன கம்ப்ரஸரில் மறுபடி 30 பிடித்தேன்.