நனையக் கூடாத கோழிகள்: சிங்கப்பூர்த் தரைவீட்டில் சில்கியும் செராமாவும் வளர்க்க

அலங்காரக் கோழி வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வெயிலைப் பற்றித்தான், இந்தச் சூட்டுக்குத் தாங்குமா என்று. ஒன்பது வருடமாக எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம் சில்கியும் செராமாவும் வளர்க்கிறேன், இதுவரை நான் பறிகொடுத்த கோழிகளில் பாதிக்குமேல் ஈரத்தால் போனவை. நனைந்த இறகு, நனைந்த தரை, ஈரத்தில் பூசணம் பிடித்த தீவனம், தேங்கிய தண்ணீரில் வந்த கொசு. இந்த நான்கையும் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஆனால் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை, ஒன்றுகூட. தரைவீட்டில், அதாவது நிலத்தோடு கூடிய தனியார் வீட்டில், செல்லமாக வளர்க்கலாம், கோழி, வாத்து, காடை எல்லாம் சேர்த்துப் பத்துக்கு மேல் போகக் கூடாது, மைனாவும் புறாவும் உள்ளே வர முடியாதபடி வலை அடித்த கூட்டில் இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சலுக்காக வைத்த விதி அது, சாக்குச் சொல்லாமல் கடைப்பிடியுங்கள். மலேசியாவின் ஜொகூரில் அழகான செராமா கிடைக்கிறது என்று அனுமதி இல்லாமல் காரில் வைத்து எடுத்து வருவது குற்றம், கோழிக்கும் ஆபத்து.

எந்த இனம்? என் கணிப்பில் நம் ஊருக்கு முதல் இடம் செராமாவுக்குத்தான். மலேசியாவின் கிளந்தானில் உருவான இனம், அதனால் இந்தப் புழுக்கம் அதற்குப் பழகியது. உலகிலேயே மிகச் சிறிய கோழி இனங்களில் ஒன்று, பெரும்பாலானவை அரைக் கிலோகூட வராது. நெஞ்சை நிமிர்த்தி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, சிப்பாய் மாதிரி நிற்கும். இடம் குறைவாகப் போதும், மனிதர்களிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது சில்கி. ஈரச்சந்தையில் மருந்துச் சூப்புக்கு விற்கும் கறுப்புக்கோழி இருக்கிறதே, அதேதான், தோலும் எலும்பும் கறுப்பு, காலில் ஐந்து விரல். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சீனத்தில் பூனை முடி போன்ற மயிர் உள்ள கோழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார். சாதாரணக் கோழி இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் மழைத்துளி உருண்டு ஓடிவிடும். சில்கிக்கு அந்தக் கொக்கி சரியாக அமைவதில்லை, தண்ணீர் நேராகத் தோல்வரை இறங்கிவிடும், பறக்கவும் முடியாது. குணத்தில் இதைவிடச் சாதுவான கோழியை நான் பார்த்ததில்லை.

போலிஷ் வளர்க்கலாம், ஆனால் தலையில் இருக்கும் அந்தப் பெரிய பூங்கொத்து கண்ணை மறைக்கும். பக்கவாட்டிலிருந்து திடீரென்று கை நீட்டினால் மிரண்டு கூட்டில் மோதிக்கொள்ளும், பேசிக்கொண்டே கிட்டப் போங்கள், கண்ணுக்கு மேல் இருக்கும் இறகை மாதம் ஒருமுறை கத்தரித்து விடுங்கள். பிரம்மா இனம் வேண்டவே வேண்டாம். அவ்வளவு கனமான உடம்பு, காலெல்லாம் இறகு, நம் ஊர் மதியத்தில் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே நிற்கும், கால் இறகில் சேறு காயும், காலின் செதிலுக்கு அடியில் நுண்ணிய உண்ணி குடியேறும். ஜாவாவின் அயாம் செமானி உடம்பு முழுக்கக் கறுப்பு, நம் சூடும் ஒத்துக்கொள்ளும், ஆனால் கறுப்பு முட்டை இடும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள், அதன் முட்டை சாதாரண வெளிர் நிறம்தான்.

சேவல் வேண்டாம் என்றே சொல்வேன். இங்கே சின் மிங் பேட்டைப் பக்கம் திரிந்த கோழிகளின் சத்தம் பற்றிப் புகார் போய் 2017இல் எவ்வளவு பெரிய பேச்சானது என்று நினைவிருக்கும். கூட்டைத் துணியால் மூடினால் கூவாது என்று நம்பாதீர்கள், மாறாத மங்கல் வெளிச்சத்திலேயே வைத்திருந்தாலும் சேவல் தன் உடல் கடிகாரப்படி கூவும் என்று ஜப்பானில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சில்கியில் ஒரு சிக்கல் என்னவென்றால் ஐந்து ஆறு மாதம்வரை சேவலா பெட்டையா என்று தெரியாமலே போகலாம், குஞ்சாக வாங்காமல் முட்டையிடத் தொடங்கிய பெட்டையாகப் பார்த்து வாங்குங்கள், காசு கூடுதல்தான், பரவாயில்லை.

கூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊரில் பாட்டி பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார், இங்கே அது நடக்காது. மழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்துத்தான் கூட்டைத் திருப்ப வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை சுமத்ரா என்ற புயல்மழைக் காற்று விடியலுக்கு முன் மேற்கிலிருந்து பாய்ந்து வரும், நாம் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம். டிசம்பர், ஜனவரி மழை வடகிழக்கிலிருந்து. அதனால் மேற்குச் சுவரை முழுதாகப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள், பிற்பகல் வெயிலையும் அதே சுவர் தடுத்துவிடும். வடகிழக்குப் பக்கம் பாதிச் சுவர், மேல்பாதிக்குச் சுருட்டி இறக்கும் தார்ப்பாய். மற்ற இரண்டு பக்கமும் கம்பி வலை மட்டும், காற்று ஊடாடட்டும். கூரை நான்கு பக்கமும் இரண்டடியாவது வெளியே நீண்டால்தான் சாரல் உள்ளே வராது. தரை மண்ணிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். உள்ளே நான் போடுவது காய்ந்த மணல், நான்கு விரல் உயரத்துக்கு, எச்சத்தைத் தினமும் சல்லடைக் கரண்டியால் அள்ளிவிடலாம். மணலை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள், உருண்டையாக நின்றால் ஈரம், அன்றைக்கே மாற்ற வேண்டும். ஈரத் தரையில்தான் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும், குஞ்சுகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும்.

வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கவே கூடாது. நான் கட்டிய முதல் கூட்டில் வலைக்கண் அதைவிடப் பெரிது. ஒரு காலை போய்ப் பார்க்கிறேன், மூலையில் கை மொத்தத்துக்கு ஒரு மலைப்பாம்பு, நடுவில் புடைத்துக்கொண்டு, விழுங்கிய உடம்போடு வந்த வழியே திரும்ப முடியாமல் கிடக்கிறது. மூன்று செராமாக்களில் ஒன்று இல்லை. சாக்கடை வழியாக வருகிற பாம்புகள் இங்கே எல்லாப் பேட்டையிலும் உண்டு, எலியும் மரநாயும் உண்டு. பாம்பைக் கொல்லாதீர்கள், வனவிலங்கு மீட்பவர்களைக் கூப்பிடுங்கள், வலையை மாற்றுங்கள்.

சில்கி நனைந்துவிட்டால் என்ன செய்வது? வயிற்று இறகுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய இடம் சில்லென்று இருக்கும், இறகு விளக்குத்திரி மாதிரி முறுக்கிக்கொண்டு தோலோடு ஒட்டியிருக்கும். முதலில் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், மென்மையான தோல் கிழியும். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டு முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து, இறக்கைக்கு அடியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கையையும் அந்தக் காற்றில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். இருபது நிமிடத்தில் கண்ணை மூடித் தூங்கத் தொடங்கும், அடியில் இருக்கும் பஞ்சு காய்ந்த பிறகே கூட்டில் விட வேண்டும்.

முட்டையிடும் கோழிக்குப் பதினாறு சதவீதப் புரதம் உள்ள தீவனம் போதும், தனிக் கிண்ணத்தில் சிப்பித் தூள் வையுங்கள். அந்தத் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுக்காதீர்கள், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேக்கா சந்தையில் வாங்கும் கம்பும் கேழ்வரகும் தின்பண்டமாக ஒரு கைப்பிடி போடலாம். தீவனத்தைப் பெரிய மூட்டையாக வாங்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும். இறுக மூடும் டப்பாவில் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வையுங்கள், மோந்து பார்த்து மக்கல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கூட்டுக்கு அடியில் இருக்கும் தட்டையும் மறக்காமல் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு நமக்கு டெங்கி, கோழிக்கும் கொசுவால் அம்மை வரும், கொண்டையில் கறுப்புப் பொருக்கு தட்டும். சில்கியும் செராமாவும் மாரெக் என்ற வைரஸ் நோய்க்கு எளிதில் இரையாகும், குஞ்சு பொரித்த அன்றே போட வேண்டிய தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கோழி வாங்குவதற்கு முன்பே தேடி வையுங்கள், பல மருந்தகங்களில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பார்கள்.

நடுமதியம் இறக்கையை விரித்து வாயைத் திறந்து இளைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். போத்தலில் உறைய வைத்த தண்ணீரைத் துணி சுற்றிக் கூட்டில் வையுங்கள், சின்ன மின்விசிறி போடுங்கள். கோழி மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

கடைசியாக அடைக்கு உட்காருவது பற்றி. சில்கி ஓயாமல் அடைக்கு உட்காரும், கூட்டில் கோலிக்குண்டு கிடந்தாலும் அதன் மேல் உட்காரும். முட்டை இல்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து மெலிய விடாதீர்கள், தினமும் ஒருமுறை தூக்கி இறக்கித் தீனி காட்டுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது சேவல் சேர்ந்த செராமா முட்டை கிடைத்தால், குஞ்சுகளையும் சேர்த்தே பத்து என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு நான்கு மட்டும் வையுங்கள், சின்ன முட்டை என்பதால் சில்கி வயிற்றுக்கடியில் எல்லாம் அடங்கும். மற்ற கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள், செராமா பத்தொன்பதாம் நாளே ஓட்டைக் கொத்தத் தொடங்கிவிடும், பதினேழாம் நாளிலிருந்து கை வைக்காமல் விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் மட்டும் அன்றே கூழாங்கல் நிரப்பி வையுங்கள், கட்டைவிரல் அளவு இருக்கும் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும்.